எலியின் மூளையில் உள்ள வரைபடம் கண்ணால் வரையப்படுகிறதா, காலாலா?

#1 ஓடைக்கரை

வணக்கம் நண்பர்களே. பெரிய கிடங்குகளில் ஆளில்லாமல் ஓடும் வண்டிகளுக்கு மென்பொருள் எழுதுவது என் வேலை. தான் எங்கே நிற்கிறோம் என்பதை வண்டி அறிய இரண்டு வழிகள் உண்டு. சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது, எந்தப் பக்கம் எவ்வளவு திரும்பியது என்று கூட்டிக்கொண்டே போகலாம். அல்லது சுவர், தூண், அடையாளப் பலகை ஆகியவற்றைப் பார்த்துக் கணிக்கலாம். முதல் வழியில் பிழை கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும். இரண்டாவது வழியில் ஒரே மாதிரி இரண்டு தூண்கள் வந்தால் வண்டி குழம்பும். அதனால் இரண்டையும் சேர்த்துத்தான் ஓட்டுகிறோம்.

விலங்குகள் இதே சிக்கலை எப்படிச் சமாளிக்கின்றன என்று சில மாதங்களாகப் படித்து வருகிறேன். ஓரிடத்தில் வந்து நின்றுவிட்டது, அதனால்தான் இந்த இழை.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: 1971இல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஜான் ஓ'கீஃப், ஜொனாதன் டோஸ்ட்ரோவ்ஸ்கி என்ற இருவர், நடமாடும் எலியின் மூளையில் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியில் மெல்லிய கம்பிகளை வைத்து நரம்புச் செல்களைக் கவனித்தார்கள். எலி ஒரு குறிப்பிட்ட இடத்தில் இருக்கும்போது மட்டும் ஒரு செல் துடித்தது, அதாவது மின்துடிப்பு எழுப்பியது. வேறு இடத்துக்குப் போனால் அது அடங்கி வேறொரு செல் துடித்தது. இவை இடச்செல்கள். 2005இல் நார்வேயின் ட்ரோண்ட்ஹைமில் மே-பிரிட் மோசர், எட்வர்ட் மோசர் குழு, பக்கத்துப் பகுதியான என்டோரைனல் புறணியில் இன்னொரு வகையைக் கண்டது. ஒரே செல் தரை முழுக்கப் பல புள்ளிகளில் துடிக்கிறது. புள்ளிகளை இணைத்தால் சம பக்க முக்கோணங்களாக, தேனடையின் அறுகோண ஒழுங்கில் அமைகின்றன. இவை கட்டச்செல்கள். தரையில் இப்படி எந்தக் கோடும் கிடையாது, மூளையே போட்டுக்கொள்ளும் கட்டம் அது! இதற்காக 2014இல் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

இப்போது என் சிக்கல். லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் மயங்க் மேத்தாவின் குழு 2013இல் ஒரு சோதனை வெளியிட்டது. எலியைப் பட்டையால் பிடித்து ஒரு பெரிய பந்தின் மேல் ஓடவிட்டு, சுற்றிலும் திரையில் அறையைக் காட்டினார்கள். எலி ஓடினால் படமும் அதற்கேற்ப நகரும். அதே போன்ற நிஜ அறையிலும் ஓடவிட்டார்கள். நிஜத்தில் துடித்த செல்களில் பாதிக்கு மேல் திரை உலகில் அடங்கிப்போயின. அடுத்த ஆண்டு, முதல் சோதனையின் நேர்பாதைக்குப் பதிலாக அகன்ற தளத்தில் ஓடவிட்டபோது, எந்தச் செல்லும் எந்த இடத்தையும் உருப்படியாகக் குறிக்கவில்லை.

கண்ணுக்கு எல்லாம் தெரிகிறது, கால்களும் ஓடுகின்றன. அப்படியிருந்தும் வரைபடம் ஏன் கலைகிறது? எது குறைந்தது?

#2 வேலிப்பருத்தி

நல்ல கேள்வி, ஓடைக்கரை. எலி மூளையில் பதிவெடுக்கும் ஆய்வகத்தில் வேலை பார்த்தவள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் கண்ணின் பங்கு. 1987இல் நியூயார்க்கில் ராபர்ட் மல்லரும் ஜான் கூபியும் எலியை ஓர் உருளை வடிவச் சுவருக்குள் விட்டார்கள். சுவரில் ஒரு வெள்ளை அட்டை, வேறு அடையாளமே இல்லை. எலி இல்லாதபோது அட்டையை 90 டிகிரி நகர்த்திவிட்டு மறுபடி உள்ளே விட்டால், இடச்செல்கள் துடிக்கும் இடங்களும் 90 டிகிரி நகர்ந்திருந்தன. கண் இழுத்த பக்கம் வரைபடம் திரும்புகிறது.

இதை மட்டும் படித்தால் கண்தான் எல்லாம் என்று தோன்றும். ஆனால் 1990இல் அதே ஆய்வகத்தில் எலி உள்ளே இருக்கும்போதே விளக்கை அணைத்தார்கள். பெரும்பாலான செல்கள் இருட்டிலும் பழைய இடத்திலேயே துடித்தன. எலியை முதலிலிருந்தே இருட்டில் கொண்டுபோய் விட்டால் கதை வேறு, பல செல்களின் போக்கு மாறிவிட்டது. அதாவது வெளிச்சத்தில் ஒருமுறை நங்கூரம் போட்டுவிட்டால், அப்புறம் வெளிச்சம் போனாலும் எலி தன் நடையையும் திருப்பங்களையும் வைத்து அந்த வரைபடத்தைத் தாங்கிப் பிடிக்கிறது. உங்கள் வண்டி செய்வதும் இதுதான்.

இனி மேத்தாவின் சோதனை. கண்ணையும் காலையும் சொன்னீர்கள், காதை விட்டுவிட்டீர்கள். கேட்கும் காதைச் சொல்லவில்லை. உட்காதில் அரைவட்டக் குழல்கள் மூன்று இருக்கின்றன. தலை திரும்பினால் உள்ளே இருக்கும் திரவம் அசைந்து, திருப்பத்தின் வேகம் மூளைக்குப் போகும். மேத்தாவின் எலி பட்டையில் கட்டுண்டு ஒரே திசையைப் பார்த்து நிற்கிறது. திரையில் உலகம் சுழல்கிறது, உட்காதோ 'நீ திரும்பவே இல்லை' என்கிறது.

இதற்கு நேரடியான ஆதாரம் ஒன்று உண்டு. பிரின்ஸ்டனில் டிமிட்ரி அரோனோவ், டேவிட் டாங்க் இருவரும் 2014இல் அதே போலப் பந்தும் திரையும் வைத்தார்கள், ஒரே ஒரு மாற்றத்தோடு. எலி தன் உடம்பை நிஜமாகவே சுழற்றிக்கொள்ளலாம். திரை உலகிலேயே இடச்செல், கட்டச்செல், திசைச்செல், எல்லைச்செல் (சுவரோரத்தில் துடிப்பது) நான்கும் ஒழுங்காக வேலை செய்தன. முன்னே போவது பொய்யாக இருந்தாலும் மூளை ஏற்றுக்கொள்கிறது. திரும்புவது பொய்யாக இருந்தால் ஏற்பதில்லை.

#3 சாலையோரம்

அக்கா, ஒரு சந்தேகம். நான் முதுகலை விலங்கியல் முதலாண்டு. திசைச்செல் என்று சொன்னீர்களே, அது திசைகாட்டி முள் போல வடக்கை அறிகிறதா? அப்புறம் ஓடுகிற எலியின் ஒற்றைச் செல்லை எப்படித்தான் பதிவு செய்கிறார்கள்?

#4 வேலிப்பருத்தி

சாலையோரம் தம்பி, வடக்கு தெற்கு எதுவும் அதற்குத் தெரியாது. 1984இல் ஜேம்ஸ் ராங்க் கண்டுபிடித்து, 1990இல் ஜெஃப்ரி டாப் குழுவோடு சேர்ந்து விரிவாக எழுதிய செல் அது. எலி எங்கே நின்றாலும் சரி, தலை ஒரு குறிப்பிட்ட பக்கம் பார்த்தால் துடிக்கும். அந்தப் 'பக்கம்' அறையின் அடையாளங்களை ஒட்டியது, காந்தப்புலத்தை ஒட்டியது இல்லை. அட்டையை நகர்த்தினால் இதுவும் நகரும். உட்காதின் சமநிலை உறுப்பைச் செயலிழக்கச் செய்தால் திசைச்செல்களின் திசையுணர்வு போய்விடும் என்று 1997இல் டாப் ஆய்வகமே காட்டியது. #2இல் எழுதியதற்கு அதுவும் ஒரு சாட்சி.

பதிவைப் பொறுத்தவரை, தலைமுடியை விட மெல்லிய நான்கு கம்பிகளை முறுக்கி ஒரே முனையாக்குவோம். பக்கத்துப் பக்கத்துச் செல்களின் துடிப்பு நான்கு கம்பியிலும் நான்கு அளவில் விழும், அதை வைத்து எது எந்தச் செல் என்று பிரிப்போம். எலியைத் தரை முழுக்க ஓடவைக்கச் சாக்லேட் துணுக்கு போதும். துடிப்பை ஒலிபெருக்கியில் கேட்கலாம். எலி மூலைக்குப் போனதும் படபடவென்று ஒரு செல் பொரியும் பாருங்கள், அதை முதல்முறை கேட்கும் சந்தோஷத்துக்கு ஈடே இல்லை.

#5 பாலைநிலம்

எல்லோரும் எலியையே பேசுகிறீர்கள். வழி கண்டுபிடிக்க வரைபடமே தேவையில்லை என்பது என் கட்சி.

துனிசியாவின் உப்புப் பாலைகளில் கேட்டாக்ளிஃபிஸ் என்ற எறும்பு இருக்கிறது. சூரிச்சின் ரூடிகர் வேனர் வாழ்நாள் முழுக்க இதைப் படித்தார். இரை தேடி வளைந்து வளைந்து வெகுதூரம் போகும். இரை கிடைத்ததும் வந்த வழியில் திரும்பாது, நேர்கோட்டில் கூட்டுக்கு ஓடும். இரை கிடைத்த இடத்தில் எறும்பைப் பிடித்து வேறோர் இடத்துக்குக் கொண்டுபோய் விட்டால், கூடு இருந்திருக்க வேண்டிய திசையில், இருந்திருக்க வேண்டிய தூரம் ஓடி, இல்லாத கூட்டை அங்கே வட்டமடித்துத் தேடும். திசையை வானத்து ஒளியின் முனைவாக்கத்திலிருந்து, அதாவது ஒளி அலைகள் அதிரும் தளத்திலிருந்து, எடுக்கிறது.

தூரம் எப்படித் தெரிகிறது? 2006இல் மத்தியாஸ் விட்லிங்கர், வேனர், ஹரால்ட் வுல்ஃப் மூவரும் வெளியிட்ட சோதனையை ஒவ்வொரு முறை படிக்கும்போதும் வியக்கிறேன். எறும்பைக் கூட்டிலிருந்து 10 மீட்டர் தூரத்து உணவுக்கு நடக்கவிட்டார்கள். அங்கே பிடித்துச் சிலவற்றின் கால்களில் பன்றி முடியை ஒட்டி நீளமாக்கினார்கள், சிலவற்றின் கால்களைக் குட்டையாக்கினார்கள். நீளக்கால் எறும்பு 15 மீட்டர் போன பிறகுதான் கூட்டைத் தேடத் தொடங்கியது. குட்டைக்கால் எறும்பு 6 மீட்டருக்குள்ளேயே தேடத் தொடங்கிவிட்டது. அதே கால்களோடு கூட்டிலிருந்து மறுபடி புறப்பட்டுப் போய்த் திரும்பியபோது இரண்டுமே சரியாக வந்தன. அடி எண்ணிக்கையைத்தான் எறும்பு ஏதோ ஒரு விதத்தில் சேர்த்து வைக்கிறது.

இன்னொன்று. தேனீ தூரத்தைக் கண்ணால் அளக்கிறது. மாண்டியம் ஸ்ரீநிவாசன் ஆஸ்திரேலியாவில் இருந்தபோது, தேனீக்களைக் கோலம் வரைந்த குறுகிய சுரங்கம் வழியே பறக்கவிட்டார். சுவர் நெருக்கத்தில் இருப்பதால் கோலம் கண்ணில் வேகமாக ஓடும். 6 மீட்டர் சுரங்கத்தைக் கடந்து வந்த தேனீ, கூட்டில் ஆடிய நடனத்தில் 200 மீட்டருக்கு நெருக்கமான தூரத்தைச் சொன்னது. இது 2000இல் வந்த ஆய்வு. ஆக, தலைப்பில் கேட்ட கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. எறும்புக்குக் கால், தேனீக்குக் கண். இரண்டுக்கும் வரைபடம் இல்லாமலே வீடு திரும்ப முடிகிறது.

#6 ஓடைக்கரை

பாலைநிலம், அருமை. ஆனால் அந்த எறும்பு திசையையும் தூரத்தையும் எங்கேயாவது கூட்டி வைக்கத்தானே வேண்டும்? அந்தக் கணக்குப் புத்தகம் மூளையில் எங்கே இருக்கிறது? பூச்சியின் மூளையில் யாராவது நேரில் பார்த்திருக்கிறார்களா?

#7 வேலிப்பருத்தி

பார்த்திருக்கிறார்கள், திசைக் கணக்கை மட்டும். எறும்பில் இல்லை, பழ ஈயில்.

2015இல் அமெரிக்காவின் ஜனீலியா ஆய்வு வளாகத்தில் யோகனஸ் ஸீலிக், விவேக் ஜெயராமன் இருவரும் ஈயின் தலையை நிலைநிறுத்தி, சிறு பந்தின் மேல் நடக்கவிட்டு, மூளையை நுண்ணோக்கியில் பார்த்தார்கள். ஈ மூளையின் நடுவே வளையம் போன்ற ஒரு பகுதி. அந்த வளையத்தில் ஒரே ஓரிடம் மட்டும் ஒளிர்கிறது, அதாவது அங்கேயுள்ள செல்கள் மட்டும் துடிக்கின்றன. ஈ வலப்பக்கமோ இடப்பக்கமோ திரும்பத் திரும்ப அந்த ஒளிர்வும் வளையத்தைச் சுற்றி நகர்கிறது.

இதில் எனக்குப் பிடித்த பகுதி இனிமேல்தான். விளக்கை அணைத்தாலும் ஒளிர்வு மறையவில்லை, ஈ திரும்புவதற்கு ஏற்ப நகர்ந்துகொண்டே இருந்தது. ஆனால் நேரம் போகப்போக உண்மையான திசையிலிருந்து விலகத் தொடங்கியது. ஓடைக்கரை முதலில் சொன்ன சக்கரப் பிழை இதுவேதான். வெளிச்சம் இருந்தபோது ஈயைச் சுற்றியிருந்த திரையில் தெரிந்த கோடுதான் அந்தப் பிழையைச் சேரவிடாமல் பார்த்துக்கொண்டது.

எலியின் திசைச்செல்கள் வளையம் போல ஒன்றையொன்று தூண்டியும் அடக்கியும் வேலை செய்யலாம் என்று 1990களிலேயே கணித மாதிரிகள் போட்டிருந்தார்கள். அங்கே வளையம் என்பது காகிதத்தில் இருந்த கருத்து. ஈயிலோ அது கண்ணால் பார்க்கும் வளையமாகவே இருக்கிறது! 2024இல் பழ ஈயின் மூளை இணைப்புப் படம் முழுதாக வெளிவந்தது, 1,39,255 நரம்புச் செல்கள். அந்த வளையத்துக்குள் எந்தச் செல் எதைத் தொடுகிறது என்று இன்று ஒவ்வொன்றாகப் பின்தொடரலாம்.

#8 மழைத்துளி

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். இழையை முதலிலிருந்து படித்தேன். என் அம்மாவுக்கு 70 வயது. பெயர்கள் எல்லாம் ஞாபகம் இருக்கிறது, பேச்சும் நன்றாக இருக்கிறது. ஆனால் பல வருடமாகப் போய்வரும் கடைத்தெருவில் வழி தெரியாமல் நின்றுவிடுகிறார். இதற்கும் நீங்கள் பேசும் செல்களுக்கும் தொடர்பு உண்டா?

#9 வேலிப்பருத்தி

மழைத்துளி, இதற்கு மன்னிப்பு எதற்கு. தொடர்பு இருக்கலாம். அல்சைமர் நோயில் ஆரம்பத்திலேயே பாதிக்கப்படும் பகுதிகளில் ஒன்று என்டோரைனல் புறணி, கட்டச்செல்கள் இருக்கும் அதே இடம். பழகிய இடத்தில் வழி தவறுவது அந்த நோயின் தொடக்க அறிகுறிகளில் ஒன்றாக இருப்பதற்கு இதைக் காரணமாகப் பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

ஆனால் வழி தவறுகிறார் என்பதால் அந்த நோய்தான் என்று ஆகிவிடாது. பி12 குறைவு, தைராய்டு கோளாறு, மன அழுத்தம், சில மருந்துகள், பார்வைக் குறைவு என்று சரிசெய்யக்கூடிய காரணங்களும் உண்டு. நான் மருத்துவர் இல்லை. நரம்பியல் மருத்துவரிடம் தள்ளிப்போடாமல் காட்டுங்கள். எப்போது, எந்த இடத்தில் தடுமாறினார் என்று ஒரு நோட்டில் எழுதிக் கொண்டுபோனால் அவர்களுக்கு உதவும். அதுவரை அம்மாவைத் தனியாக அனுப்ப வேண்டாம், சட்டைப்பையிலோ கைப்பையிலோ உங்கள் தொலைபேசி எண் இருக்கட்டும்.

#10 புன்செய்

ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியன் நான். இழை முழுக்க 'நான் எங்கே இருக்கிறேன்' என்பதே பேச்சாக இருக்கிறது. 'அது எங்கே இருக்கிறது' என்பதும் இடத்தைப் பற்றிய கேள்விதான். இரை பிடிக்கும் விலங்குக்கு இரண்டாவதுதான் சோறு போடுகிறது.

கூகையை எடுத்துக்கொள்ளுங்கள். முழு இருட்டில், எலி சருகில் எழுப்பும் சத்தத்தை மட்டும் வைத்துப் பிடிக்கும். கண்ணின் விழித்திரையில் உலகம் ஏற்கெனவே படமாக விழுந்துவிடுகிறது, பக்கத்துப் புள்ளி பக்கத்துச் செல்லில். காதுக்குள் அப்படி எந்தப் படமும் விழாது, சுருதிதான் பிரியும். இடம், வலம், மேல், கீழ் எதுவும் அங்கே கிடையாது. அதை மூளை கணக்குப் போட்டு உண்டாக்க வேண்டும்.

1978இல் கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் எரிக் நட்சனும் மசகாஸு கொனிஷியும் கூகையைச் சுற்றி ஒலிபெருக்கியை நகர்த்திப் பார்த்தார்கள். நடுமூளையில் ஒவ்வொரு செல்லும் ஒரு திசையிலிருந்து வரும் சத்தத்துக்கு மட்டும் துடித்தது. பக்கத்துச் செல்கள் பக்கத்துத் திசைகளைப் பார்த்துக்கொண்டன. இரு காதுகளுக்கும் சத்தம் வந்து சேரும் நேர வித்தியாசம் இடவலத்தைத் தருகிறது. ஒரு விநாடியில் லட்சத்தில் ஒரு பங்கு வித்தியாசம் கூடக் கூகைக்குப் போதும். மேல் கீழ் எப்படி? அதன் காதுத் துளைகள் ஒரே மட்டத்தில் இல்லை, ஒன்று உயர்ந்தும் ஒன்று தாழ்ந்தும் இருக்கின்றன. அதனால் சத்தத்தின் அளவில் வரும் வித்தியாசம் உயரத்தைச் சொல்லிவிடுகிறது.

பின்னாளில் நட்சன் ஸ்டான்ஃபோர்டில் கூகைக் குஞ்சுகளுக்குப் பட்டகக் கண்ணாடி மாட்டினார். பார்க்கும் உலகம் ஒரு பக்கம் நகர்ந்து தெரியும். சில வாரங்களில் காதின் வரைபடமும் நகர்ந்து கண்ணோடு ஒத்துப்போனது. வளர்ந்த கூகைகளில் இது சரியாக நடக்கவில்லை. ஆனால் கண்ணாடியின் விலகலைப் படிப்படியாகக் கூட்டியபோது அவையும் ஓரளவு கற்றுக்கொண்டன.

நம் பக்கத்திலும் இப்படி வேலை நடந்திருக்கிறது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் ஜி. மாரிமுத்து, ஜெர்மனியின் கெர்ஹார்ட் நாய்வைலருடன் சேர்ந்து 1987இல் மெகாடெர்மா லைரா என்ற பெருங்காது வௌவாலைப் பற்றி எழுதினார். சத்தம் எழுப்பி எதிரொலியால் வழி காணத் தெரிந்த வௌவால்தான் அது. ஆனால் தரையில் போகும் இரையைக் கண்டுபிடிக்க, இரை அசையும்போது எழும் சத்தத்தையே நம்புகிறது. மதுரையில் இருந்துகொண்டு உலகத் தரத்தில் வௌவால் ஆய்வு செய்திருக்கிறார்கள் என்பது நம் மாணவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

#11 சாலையோரம்

சார், மாரிமுத்து பற்றி எங்கள் வகுப்பில் யாரும் சொன்னதில்லை, தேடிப் படிக்கிறேன். ஒன்று கேட்கிறேன். கூகையில் பக்கத்துச் செல் பக்கத்துத் திசை என்றீர்கள். இடச்செல்லிலும் பக்கத்துச் செல் பக்கத்து இடத்தைத்தான் குறிக்குமா?

#12 வேலிப்பருத்தி

குறிக்காது. ஹிப்போகேம்பஸில் ஒட்டி இருக்கும் இரண்டு செல்களில் ஒன்று கதவோரத்திலும் மற்றது எதிர் மூலையிலும் துடிக்கலாம். எலியை வேறு அறைக்குக் கொண்டுபோனால் எல்லாம் மறுபடி கலைத்து அடுக்கப்படும், ஒரு செல் புதிய இடத்தை எடுத்துக்கொள்ளும் அல்லது சும்மா இருக்கும். கூகையின் வரைபடம் புலனிலிருந்து நேரே கணக்கிடப்படுவது, எலியினுடையது நினைவோடு பின்னப்பட்டது.

பாலைநிலம், உங்களுக்கும் இதுதான் என் பதில். எட்வர்ட் டோல்மனும் சார்லஸ் ஹான்ஸிக்கும் 1930இல் பெர்க்லியில் செய்ததை நினைத்துப் பாருங்கள். பத்து நாள் தீனியே வைக்காமல் எலிகளைப் புதிர்ப்பாதையில் சும்மா அலையவிட்டு, 11ஆம் நாள் தீனி வைத்தார்கள். முதல் நாளிலிருந்தே தீனிக்காக ஓடிப் பழகிய எலிகளுக்குச் சமமாக இவையும் உடனே ஓடின. தேவையே இல்லாத காலத்தில் எதையோ கற்று வைத்திருந்தன. 1994இல் மேத்யூ வில்சனும் புரூஸ் மெக்நாட்டனும், பகலில் சேர்ந்து துடித்த இடச்செல்கள் எலி தூங்கும்போதும் சேர்ந்தே துடிப்பதைப் பார்த்தார்கள். கால் நடக்கவில்லை, கண் மூடியிருக்கிறது, பாதை மட்டும் உள்ளே ஓடுகிறது. அடி எண்ணிக்கையை மட்டும் கூட்டும் கருவியால் இது ஆகாது.

#13 பாலைநிலம்

எலிக்கு வரைபடம் உண்டு என்பதில் எனக்குத் தகராறு இல்லை. வீடு திரும்புவதற்கு அது கட்டாயம் என்பதைத்தான் மறுக்கிறேன், அதில் மாற்றமில்லை. கடுகளவு மூளைக்குள் எறும்பு செய்வதைப் பார்த்த பிறகு, விலங்கு சரியாக வழி கண்டுபிடித்தாலே 'வரைபடம்' என்று எழுதிவிடக் கூடாது. இன்னும் சிக்கனமான வழி ஏதும் இல்லை என்று காட்டிய பிறகு எழுதட்டும்.

#14 ஓடைக்கரை

இந்த எச்சரிக்கையை நான் ஏற்கிறேன். சரி, கடைசியாக ஒன்று. தரையில் ஓடும் விலங்குகளோடு நின்றுவிட்டோம். பறக்கும்போது என்ன ஆகிறது? இரண்டு புலன்கள் மாறி மாறி வேலை செய்யும் விலங்கில் வரைபடம் ஒன்றா, இரண்டா?

#15 வேலிப்பருத்தி

இரண்டுக்குமே இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் நாஹும் உலனோவ்ஸ்கி குழு எகிப்தியப் பழந்தின்னி வௌவால்களில் பதில் தேடியிருக்கிறது.

பறக்கும்போது இடச்செல் கோளம் போன்ற ஒரு வெளியில் துடிக்கிறது. கட்டச்செல்கள்தான் எதிர்பார்த்தபடி நடக்கவில்லை. கடையில் ஆரஞ்சு அடுக்குவது போல மூன்று பரிமாணத்திலும் ஒழுங்கான அடுக்கு இருக்கும் என்று பலர் கணித்திருந்தார்கள். 2021இல் வந்த முடிவு வேறு. ஒரு புள்ளிக்கும் அதன் அண்டைப் புள்ளிக்கும் இடையே உள்ள தூரம் ஏறக்குறைய ஒன்றாக இருக்கிறது, ஆனால் மொத்த அறைக்கும் பொதுவான அடுக்கு எதுவும் இல்லை. அதே ஆண்டில் 200 மீட்டர் நீளச் சுரங்கத்தில் பறக்கவிட்டுப் பார்த்தபோது, ஒரே செல் பல இடங்களில் துடித்தது. ஒரு மீட்டருக்கும் குறைவான இடமும் உண்டு, 20 மீட்டரைத் தாண்டும் இடமும் உண்டு. சிறு பெட்டியில் எலியைப் பார்த்தே நாங்கள் எழுதிய பல விதிகள் பெட்டிக்கான விதிகளாக இருக்கலாம்.

இரண்டாவது கேள்விக்கு 2016ஆம் ஆண்டு ஆய்வு இருக்கிறது. இந்த வௌவாலுக்குப் பார்வையும் கூர்மை, நாக்கைச் சொடுக்கி எதிரொலியாலும் வழி காணும். ஒரே வௌவால், ஒரே அறை. வெளிச்சத்தில் பறந்தபோது ஒரு வரைபடம், இருட்டில் எதிரொலியை நம்பிப் பறந்தபோது பெருமளவு வேறொரு வரைபடம். விளக்கை அணைத்தபின் பழைய வரைபடத்தையே பிடித்துக்கொண்டிருந்த #2இன் எலியோடு இதை வைத்துப் பாருங்கள். அந்த எலிக்கு இருட்டில் பழைய வரைபடத்தைத் தாங்கிப் பிடிப்பதே வேலை. வௌவாலுக்கு இருட்டிலும் வெளியிலிருந்து செய்தி வந்துகொண்டே இருக்கிறது, வேறு புலன் வழியாக.

#16 ஓடைக்கரை

எங்கள் வண்டியில் கேமராவுக்கும் லேசருக்கும் ஒரே வரைபடம்தான் வைத்திருக்கிறோம். இரண்டும் முரண்படும்போது சராசரி எடுப்பதில்தான் எங்களுக்குப் பாதித் தொல்லை. புலனுக்கு ஒரு வரைபடம் வைத்து, எது இப்போது நம்பகமானது என்று பார்த்து மாறிக்கொள்வதை அடுத்த மாதம் சோதனைக் கிடங்கில் ஓட்டிப் பார்க்கப் போகிறேன். ஓட்டியதும் முடிவை இங்கேயே போடுகிறேன். மழைத்துளி, அம்மாவை மருத்துவரிடம் காட்டியதும் ஒரு வரி எழுதுங்கள்.